மங்கிப்போன மீற்றர்க் கண்ணாடி

என்னுடைய முதலாவது கார் ஓட்டச் சோதனை நாலு நிமிடத்தில் முடிந்துபோனது. கார் நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சோதனை எடுக்க வந்த மனிதர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். சிக்னலைப் போடச் சொன்னார், போட்டேன். ஹோர்ன் அடிக்கச் சொன்னார், அடித்தேன். பிறகு என் பக்கம் சரிந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மீற்றரைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கழுத்தை இன்னும் நீட்டினார். மார்ச் மாதத்து வெயில் நேரே அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"மடாம், இதில் வேகம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிகிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

கார் நிற்கிறது, வேகம் பூச்சியம்தானே என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். முள் எங்கே நிற்கிறது என்பதே தனக்குத் தெரியவில்லை என்றார். இப்படியான வாகனத்தில் தான் சோதனை எடுக்க முடியாது என்றார். தாளில் எதையோ கிறுக்கினார், இறங்கினார், போய்விட்டார். நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

வெளியே கோப்பிக் கோப்பையோடு நின்றிருந்த என் கணவர் ஓடி வந்து யன்னலில் தட்டினார். "என்னப்பா, அதுக்குள்ளை முடிஞ்சுதோ? பாஸோ?" என்று கேட்டுச் சிரித்தார். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த லைசென்ஸ் எனக்கு ஆசைக்கு வேண்டியதில்லை. மொன்ட்ரியாலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஐந்து வருடமாகக் கொலர் தைத்துக்கொண்டிருந்தேன். சட்டையல்ல, கொலர் மட்டும். பின்னால் இருக்கிறவள் கை தைப்பாள், முன்னால் இருக்கிறவள் பொத்தான் துளை போடுவாள், நான் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கொலர். ஊரில் ஒரு முழுக் கலியாண வீட்டுக்கே தைத்துக் கொடுத்தவள் நான். ஒரு உடுப்பை வெட்டி, பொருத்தி, முடித்து, கையில் தூக்கிப் பார்க்கிற சந்தோசம் மறந்தே போயிருந்தது. அந்த நேரத்தில்தான் நகரத்தின் மறுகோடியில், ரொக்ஸ்பரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் மாதிரி உடுப்பை ஒருவராகவே முழுதாகத் தைக்க ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்து போனேன். அதை நடத்துகிறவள் ஒரு கிரேக்கப் பெண். என்னிடம் ஒரு துணியையும் ஒரு படத்தையும் தந்து ஒரு பிளவுஸ் தைக்கச் சொன்னாள். தைத்துக் கொடுத்ததை உள்பக்கம் புரட்டி, ஒவ்வொரு தையல் மூட்டாகப் பார்த்தாள். "வா" என்றாள். அவ்வளவுதான்.

வேலை காலை ஆறரைக்குத் தொடங்கும். எங்கள் வீட்டிலிருந்து பஸ், மெற்றோ, ரெயில் என்று ஏறி இறங்கி, மிச்சத்தை நடந்தால், வெள்ளென வெளிக்கிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஏழரைக்கு முன்னால் போய்ச் சேர வழியில்லை. காரில் அரை மணித்தியாலம். என் கணவர் உணவகச் சமையலறையில் வேலை, பின்னேரம் போய் நடுச்சாமத்துக்குப் பிறகு வருவார், காலையில் கார் சும்மாதான் வாசலில் நிற்கும். கிரேக்கப் பெண் மாதக் கடைசி வரைக்கும் எனக்காகப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு வேறு ஆள். அடுத்த சோதனைக்கு நாள் கிடைத்தது மூன்று கிழமை கழித்து, மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில். அதிலும் தவறினால் எனக்குச் சாகும் மட்டும் கொலர்தான்.

வேறு காரில் போகலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். போகலாம்தான். தெரிந்தவர்களிடம் இருந்ததெல்லாம் கியர் மாற்றுகிற கார். நான் பழகியது எங்களுடைய பழைய ஜப்பான் காரில், அதற்குக் கியர் தானாக விழும். ஓட்டம் பழக்கும் பள்ளியின் காரைக் கேட்டேன், அந்த நாளில் அது வேறொருவருக்கு. மீற்றர் மூடியைப் புதிதாக வாங்குவோம் என்று உதிரிப்பாகக் கடையில் விசாரித்தேன். மூடி மட்டும் தனியே வராதாம், மீற்றர்ப் பெட்டி முழுவதுமாகத்தான் வருமாம், அதுவும் ஆறு கிழமை செல்லுமாம். "அதுக்கு மேல இருக்கிற ஒரு துண்டு பிளாஸ்டிக்தானே கேட்டனான், காரையே கேட்டனானோ?" என்று கடையிலேயே தமிழில் திட்டிவிட்டு வந்தேன்.

நாங்கள் அதைக் கண்ணாடி என்றுதான் சொல்லுவோம், ஆனால் அது தெளிந்த பிளாஸ்டிக். கார் வாங்கிய புதிதில் நன்றாகத்தான் இருந்தது. நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிப்புகார் படிந்த மாதிரி மங்கியது. நிழலில் ஒரு மாதிரி இலக்கங்கள் தெரியும். வெயில் பட்டால் போச்சு, எல்லாம் வெள்ளை. இதை நான் எத்தனை தரம் அவரிடம் சொல்லியிருப்பேன்! "உது ஒண்டும் செய்யாதப்பா, எனக்குச் சத்தத்திலை வேகம் தெரியும்" என்பார். என்னைப் பழக்கும்போதும் அப்படித்தான். பக்கத்தில் இருந்துகொண்டு, காதைக் கொடுத்து, "இப்ப நாப்பது ஓடுறீர். இப்ப நாப்பத்தைஞ்சு" என்பார். நானும் ஆளைப் பெரிய விண்ணன் என்று நம்பினேன். பின்னால் வந்தவர்களெல்லாம் ஏன் ஹோர்ன் அடித்து அடித்து எங்களை முந்திப் போனார்கள் என்று பிறகுதான் விளங்கியது.

கண்ணாடியை இப்படி ஆக்கியது அவருடைய சட்டைக் கைதான் என்று எனக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. குளிர்காலத்தில் அவர் போடுகிற ஜக்கெற்றின் கை, தேங்காய்ப் பொச்சு மாதிரிச் சொரசொரப்பு. காரில் ஏறியதும் மீற்றரில் மூச்சுப் பட்டு ஈரம் படியும். அவர் உடனே அந்தக் கையால் ஒரு இழுப்பு இழுப்பார். நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் காருக்கு நான் செய்யாதது என்ன? பனி வழித்தேன், உள்ளே தூசி தட்டினேன், சீற்றைக் கழுவினேன், வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதி வைத்தேன், காலடியில் படிந்த உப்பைச் சுரண்டி எடுத்தேன். அவர் செய்தது சட்டைக் கையால் தேய்த்தது ஒன்றுதான்.

சோதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழி முழுக்கத் திட்டினேன். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இறங்காமல் திட்டினேன். "நாலு வருசம் தேய் தேய் எண்டு தேய்ச்சு, என்ரை வேலையிலை மண்ணைப் போட்டிட்டீங்கள்! கண்டறியாத ஒரு ஜக்கெற்!"

"சரி, சரி" என்றார்.

"என்ன சரி? எது சரி?"

"நான் பார்க்கிறன், விடும்."

அவர் பார்த்த பார்வை, மொன்ட்ரியால்-நோரில் இருந்த தன் கூட்டாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டதுதான். கனடாவுக்கு வந்த புதிதில் அந்த அண்ணை இரண்டு மாதம் ஒரு கராஜில் டயர் கழற்றிப் பூட்டியவர். அதிலிருந்து எங்கள் ஆட்களின் கார்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். ஞாயிறு மத்தியானம் வந்தார். காருக்குள் தலையை விட்டு ஒரு பார்வை பார்த்தார். "தங்கச்சி, உதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறியள்? பற்பசை கொண்டாங்கோ" என்றார்.

பற்பசை கொடுத்தேன். பழந்துணியில் எடுத்து மீற்றரின் மேல் பூசி வட்டம் வட்டமாகத் தேய்த்தார். கார் முழுக்கப் பல் விளக்கின மணம். அரை மணி நேரம் தேய்த்துத் துடைத்த பிறகு பார்த்தால், உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், கொஞ்சம் தெளிந்துதான் இருந்தது. கொஞ்சம். அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா? "நகப்பூச்சு அழிக்கிற மருந்து இருக்கோ தங்கச்சி? அது போட்டா அப்பிடியே பளிங்கு" என்றார்.

"அண்ணை, நிச்சயமாத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாததோ?"

போத்தலைக் கொடுத்த என் கையை முறிக்க வேண்டும். ஒரு மூலையில் பஞ்சால் ஒற்றினார். ஒற்றிய இடம் கண் முன்னாலேயே பால் வெள்ளையாகி, நூல் நூலாக வெடித்து, விரல் வைத்தால் ஒட்டியது. அண்ணை பஞ்சை எடுத்தார்.

"அது காயும். காய்ஞ்சாப் போயிடும்" என்றார் அண்ணை.

காய்ந்தது. போகவில்லை. அந்த மனிதருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், அதுவும் கோப்பையை மேசையில் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன். அவர் போன பிறகு என் கணவர் வாய் திறந்தார். "பாவமப்பா, உதவிக்கு வந்த மனுசன்." எனக்கு வந்த விசரில் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. வெளியே இரும்புப் படியில் போய்க் குளிருக்குள் உட்கார்ந்தேன். பாவப்பட அவருக்கு ஊரெல்லாம் ஆள் இருந்தது. மாதக் கடைசியில் எனக்கு எது போகப்போகிறது என்று யோசிக்க மட்டும் ஒருவரும் இல்லை என்று நினைத்து அழுதேன்.

இனி ஒருவரையும் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. அவர் இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். தையல் மெசினுக்கு வைத்திருந்த சின்னத் திருகாணிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மீற்றரைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டத்துக்கு மேலே இரண்டு திருகாணி, கீழே இரண்டு. கழற்றினேன். தெளிந்த மூடி நாலு பக்கமும் சின்னப் பல்லால் கவ்விக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றாக நெம்பினேன். டக்கென்று கையோடு வந்துவிட்டது. இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் துண்டு. இதற்குத்தான் இத்தனை பாடு என்று அதையும் திட்டினேன்.

மேலே குசினிக்குக் கொண்டுவந்து சவர்க்கார நீரில் கழுவி, யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். காருக்குள் பார்க்கும்போது மங்கல் எங்கும் ஒரே மாதிரித் தெரிந்தது. வெளிச்சத்தில் அப்படி இல்லை. எல்லாப் பக்கமும் மெல்லிய கீறல்கள் இருந்தன, ஆனால் நடுவில், வேக இலக்கங்களுக்கு நேராக, இடமிருந்து வலமாக மூன்று பட்டை. ஒன்றன் கீழ் ஒன்று. இடையில் சரியான இடைவெளி. அண்ணையின் பற்பசைகூட அதை அழிக்கவில்லை.

மூன்று விரல். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. சட்டைக் கையுமில்லை, ஒன்றுமில்லை. இந்த மனிதன் விரலால் தேய்த்திருக்கிறான்! வெறும் விரலால், நாலு வருடம், வேகம் பார்க்கிற இடத்தில்! கையும் களவுமாகப் பிடிபட்டார் என்று எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சந்தோசம். மூடியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனேன். வாயைப் பிளந்து நித்திரை கொண்டிருந்தார். அவருடைய வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. எழுப்ப முன்னம் அத்தாட்சியை வைத்துக்கொள்வோம் என்று அந்தக் கையை மெல்லத் தூக்கி, நடு மூன்று விரலையும் பட்டைகளின் மேல் வைத்தேன்.

பொருந்தவில்லை. சட்டி பானை தூக்கித் தூக்கி அவருடைய விரல்கள் வீங்கிப்போயிருந்தன. ஒரு விரலே ஒன்றரைப் பட்டையை மூடியது. திருப்பி வைத்துப் பார்த்தேன். சரித்து வைத்துப் பார்த்தேன். அவர் முனகிக்கொண்டு கையை இழுத்து மறுபக்கம் திரும்பிப் படுத்தார். நான் கட்டில் ஓரத்தில் இருந்து, என்னுடைய மூன்று விரலையும் வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை விபூதி. வேறென்ன? சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றிய பிறகு தட்டத்தில் விபூதி எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்க் காருக்கு வைப்பேன். வேறு ஆட்கள் முன் கண்ணாடியில் வைப்பார்கள், ஸ்டியரிங்கில் வைப்பார்கள். நான் மீற்றரின் மேல் வைப்பேன், அவர் வண்டி ஓடும்போது அடிக்கடி பார்க்கிற இடம் அதுதானே என்று. பழையதின் மேல் புதியதை வைக்கக் கூடாது. அதனால் முதலில் போன கிழமை விபூதியை அழுத்தித் துடைப்பேன், ஈரத் துணியால் துடைத்தால் குழைந்து அப்பிவிடும் என்பதால் காய்ந்த துணியால். தொழிற்சாலையில் கழித்த, கொலருக்குள் விறைப்புக்கு வைக்கிற உட்துணித் துண்டுகள் என்னிடம் நிறைய இருந்தன. நெற்றியில் வைக்கிற மாதிரி அதே இடத்தில், அதே அளவில், மூன்று குறி. நாலு வருடம் ஒரு வெள்ளியும் தவறவில்லை. பனி கொட்டுகிற வெள்ளிக்கிழமைகளில் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்திருப்பேன்.

அப்போதும் நம்ப மனம் வரவில்லை. விபூதி மா மாதிரியல்லவா? நெற்றியில் வைத்தால் பூப்போல இருக்கிற சாமான் பிளாஸ்டிக்கைக் கீறுமா? மூடியின் ஓரத்தில், சட்டத்துக்குள் மறைகிற இடத்தில், ஒரு சிட்டிகை போட்டு உட்துணியால் நாலு இழுப்பு இழுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். மயிர் இழை மாதிரிக் கீறல்கள், புத்தம் புதிதாக. விபூதியை இரண்டு நகத்துக்கு இடையில் வைத்து உரசினேன், நறநற என்றது. எந்தக் கோயில் விபூதி என்று சொல்ல மாட்டேன். சாம்பலை அரித்தவர்கள் கொஞ்சம் கவனமாக அரித்திருக்கலாம்.

அவர் எழும்பியதும் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அது நல்ல பெண்சாதி செய்கிற வேலை. இரண்டு கிழமையாக எழும்பினால் திட்டு, படுத்தால் திட்டு என்று அந்த மனிதனை உரித்து வைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, செய்தது நான்தான்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் காண முன்னம் அந்த மூன்று பட்டையையும் இல்லாமல் ஆக்குவது என்று தீர்மானித்தேன். மூடியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த இரும்புச் சாமான் கடைக்கு ஓடினேன்.

கடையில் நின்ற கிழவர் கியூபெக்காரர். என் பிரெஞ்சு அரைகுறை, அவருடையது மூக்கால். மூடியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். நகப்பூச்சு மருந்து பட்ட மூலையைக் கண்டு, "யார் இதைச் செய்தது?" என்று கேட்டார். "ஒரு முட்டாள்" என்றேன். அந்தச் சொல் எனக்குப் பிரெஞ்சில் நன்றாகத் தெரியும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற அரத்தாள் மூன்று தந்தார், ஒன்றைவிட ஒன்று நைஸ். கடைசித் தாளைத் தடவினால் வெறும் கடதாசி மாதிரி இருந்தது. ஒரு சின்ன டப்பாவில் மினுக்குகிற பசையும் தந்தார். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, முதல் தாளால் நெடுக்காக, அடுத்த தாளால் குறுக்காக, முதல் தாளின் கோடு முழுக்கப் போகும் வரைக்கும் அடுத்ததை விடக் கூடாது, ஒவ்வொரு தாளுக்கும் தண்ணீரை மாற்று என்று கையால் நடித்துக் காட்டினார். நெடுக்கும் குறுக்கும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, துணியோடு சீவிக்கிறவள். எல்லாம் சொல்லி முடிய, "இடையில் பயந்து நிற்பாட்டிவிடாதே, மடாம்" என்றார்.

அதன் அர்த்தம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்தது. குசினித் தொட்டியில் நீரை விட்டு, ஒரு துளி சவர்க்காரம் போட்டு, முதல் தாளால் நெடுக்காகத் தேய்க்கத் தொடங்கினேன். மூன்று பட்டையும் மறைந்தன, ஏனென்றால் மூடி முழுவதுமே வெள்ளையாகிவிட்டது! குளியலறை யன்னல் மாதிரி ஒன்றும் தெரியவில்லை. இருந்த கொஞ்சத் தெளிவையும் என் கையாலேயே அழித்துவிட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து அவர் எழும்பி வந்தார்.

"என்னப்பா செய்யிறீர்?"

"தெரியேல்லையோ? உங்கட சட்டைக் கை செய்த வேலையைச் சரிப்படுத்திறன்."

வெட்கமே இல்லாமல் சொன்னேன். அவர் கிட்ட வந்து மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, சரி" என்றார். தேத்தண்ணி போட்டு என் பக்கத்தில் ஒரு கோப்பையை வைத்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டார். மீற்றருக்கு மூடி இல்லாமலே அன்றைக்குக் கார் ஓடிப் போனது.

இரண்டாம் தாள் குறுக்காக. ஒரு மணித்தியாலம். மூன்றாம் தாள் மறுபடி நெடுக்காக. நீர் பால் மாதிரி வரும், ஊற்றுவேன், மாற்றுவேன். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய்விட்டது. மூன்றாம் தாள் முடிகிற கட்டத்தில் வெள்ளை இறங்கி மெல்லிய புகை மாதிரி ஆனது. பிறகு பசையைப் பருத்தித் துணியில் எடுத்துத் தேய்த்தேன். இந்தத் தரம் உட்துணியைத் தொடவே இல்லை. ஒரு மூலையில் ஒரு காசு அளவுக்கு முதலில் தெளிந்தது. அதற்குள்ளால் தொட்டியின் ஓடு தெரிந்தது. ஐயோ, அந்தச் சந்தோசம்! அழுக்குத் தொட்டிதான், அதைப் பார்த்து அப்படிச் சிரித்தேன். பொழுது படுகிறபோது மூடி முழுவதும் தண்ணீராகத் தெளிந்துவிட்டது. அண்ணையின் மூலை மட்டும் வெடித்தது வெடித்தபடி இருந்தது. அது பெற்றோல் முள்ளின் பக்கம், போகட்டும்.

சோதனைக்கு அதே மனிதர்தான் வந்தார். என் பக்கம் சரிந்தார், மீற்றரைப் பார்த்தார். "போவோம்" என்றார். சந்தியில் நின்றேன், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் முப்பதில் போனேன், முள் முப்பதில் நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். காரை ஓரமாக விட்டுத் தரிக்கும்போது மட்டும் சில்லு ஓரக் கல்லில் உரசியது. பாஸ். அன்றைக்கே கிரேக்கப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். "திங்கள் ஆறரை. பிந்தாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இவரைக் கட்டிப்பிடித்தேன். அப்போதும் உண்மை வாயில் வரவில்லை.

சோதனைக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவர் காரோடு வேலைக்குப் போன பிறகுதான் விளக்கேற்றினேன். புது வேலையின் முதல் வெள்ளிக்கிழமை, பட்டறையிலிருந்து வந்து குளித்து விளக்கேற்றினேன். பழக்கத்தில் தட்டத்தில் விபூதி எடுத்துக்கொண்டு கீழேயும் இறங்கிவிட்டேன். காருக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கதவைத் திறக்காமல் கையில் விபூதியோடு நின்றேன். அவர் வேலைக்குப் போக இறங்கி வந்து, காரில் ஏறி, திறப்பைப் போட்டார். ஸ்ராட் பண்ணவில்லை. மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்ப இறங்கினார்.

"இண்டைக்கு வைக்கேல்லையோ?"

"அதிலை வைச்சாக் கீறும்" என்றேன். இனி எங்கே மறைக்கிறது?

"ஓம், தெரியும்."

"தெரியுமோ? என்ன தெரியும்?"

"விபூதி கீறுதெண்டு. கார் வாங்கின ரெண்டாம் வருசமே கண்டிட்டன். உம்மட மூண்டு விரலும் அப்பிடியே விழுந்து கிடந்தது."

இரண்டாம் வருடம்! பிறகு இரண்டு குளிர்காலம் பனியிலும் இருட்டிலும் முள்ளைக் காணாமல் ஓடியிருக்கிறார். என் சோதனை போனது. வேலை போகப் பார்த்தது. மூன்று கிழமை நான் அவரை நாய் பேய் என்று மட்டும்தான் சொல்லவில்லை.

"வாயிலை என்ன கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்டைக்கே துடைச்சிருப்பனே! எனக்கு எல்லாம் போகப் பார்த்துதே!"

"உம்மட சோதனைக்கு இடைஞ்சல் வருமெண்டு நான் நினைக்கேல்லையப்பா. அது என்ரை பிழைதான்." தரையைப் பார்த்தார். "சொன்னா நீர் வைக்கிறதை விட்டிடுவீர்."

அந்தத் தெருவில் நின்று அவரை என்னென்ன திட்டினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. விசர் மனுசன், மொக்கு மனுசன், செத்திருந்தால் யார் பதில் சொல்வது, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் காரில் ஏறிப் போகவில்லை. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

தட்டத்து விபூதியில் மூன்று விரலையும் தொட்டுக்கொண்டு, "குனியுங்கோ!" என்று கத்தினேன்.

குனிந்தார்.